540 சதுர அடியும் மாமியின் முதிரை அலுமாரியும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

“மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 540 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒடுங்கிய குசினி, கடல் பக்கம் பார்த்த சின்னப் பல்கனி. நானும் கணவரும், அடுத்த வருடம் ஓ/எல் பரீட்சை எடுக்கப்போகிற மகள், 8 வயது மகன், மாமி. இதற்குமேல் மாதத்தில் ஒரு தடவையாவது ஊரிலிருந்து யாராவது பாஸ்போர்ட் அலுவலாகவோ டொக்டரிடம் காட்டவோ வந்து நிற்பார்கள். ஹோலுக்கு ‘எல்’ வடிவ சோபாவும், அறைகளில் சுவரோடு சுவராகக் கூரை வரை அலுமாரியும், பிள்ளைகளுக்கு மாடிக்கட்டிலும் செய்வோம், மாமி ஹோலில் படுக்கலாம் என்கிறார் கணவர். மாமியோ யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த முதிரை மர அலுமாரியை விற்க விடமாட்டேன் என்கிறார். மகளுக்குப் படிப்பு மேசை போட இடமில்லை. சாமான் வைக்கவும் இடமில்லை. எதிலிருந்து தொடங்குவது?”

சகோதரி, பதிலை முதலிலேயே சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கணவர் இந்நேரம் சோபாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியிருந்தாலும் கிளம்பியிருப்பார். எல் சோபா வேண்டாம். மாடிக்கட்டில் வேண்டாம். சுவரோடு அடிக்கிற அலுமாரியும் வேண்டாம். மாமியை ஹோலுக்கு அனுப்பவே வேண்டாம். எல்லோரும் விற்கச் சொல்லி நச்சரிக்கிற அந்த முதிரை அலுமாரிதான் நீங்கள் எழுதியதிலேயே உருப்படியான சாமான், அது இருக்கட்டும்.

இனி காரணம். வீட்டு உள்ளக வடிவமைப்பு வேலையாக நான் கொழும்பில் 20 வருடமாக அலைகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று நம்முடைய ஆட்கள் இருக்கிற தொடர்மாடிகளில் ஏறி இறங்காத படி குறைவு. போகிற வீட்டிலெல்லாம் “சாமானை எங்கே வைப்பது?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து, உங்கள் ஹோலுக்கு ஒரு நாளில் என்னென்ன வேலை என்று காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை எழுதச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள், எழுதி முடிக்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

உங்கள் கடிதத்தை வைத்து உங்கள் ஹோலுக்கு நானே எழுதிப் பார்த்தேன். காலையில் சப்பாத்து, புத்தகப்பை, சாப்பாட்டுப் பெட்டி என்று ஒரு மணித்தியாலம் அமளி. எட்டிலிருந்து ஒன்றரை வரை மாமியும் ஃபானும் மட்டும். பிறகு பிள்ளைகளின் சாப்பாடு, ரியூஷன். இரவு ஏழிலிருந்து ஒன்பதரை வரைக்கும் பாருங்கள்: மகள் கணக்குச் செய்ய வேண்டும், மகன் கார்ட்டூன் பார்க்க வேண்டும், கணவருக்குச் செய்தி, மாமிக்கு நாடகம், உங்களுக்கு உடுப்பு மடிக்கவும் அடுத்த நாள் சமையலுக்குக் காய் நறுக்கவும் ஓரிடம். ஐந்து பேரும் ஒரே 160 சதுர அடிக்குள் ஒரே நேரத்தில். உங்களுக்கு நெருக்கடி அந்த இரண்டரை மணித்தியாலத்தில்தான். சோபா அதைத் தீர்க்காது, இன்னும் 40 சதுர அடியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

நடுவில் முற்றம் வைத்த நம்முடைய ஊர் நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். விறாந்தைக்கு என்று தனி வேலை எதுவும் கிடையாது. பகலில் மிளகாய் காயும், பின்னேரம் யாராவது வந்தால் கதிரை போட்டுக் கதைப்பார்கள், இரவில் பாய் விரித்தால் படுக்கையறை, விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் திரும்பவும் விறாந்தை. கொழும்புக்கு வந்த பிறகு ஒவ்வொரு வேலைக்கும் நகராத ஒரு சாமானை வாங்கி நட்டுவிட்டோம். சாப்பிட ஆறு கதிரையோடு மேசை, இருக்க சோபா, விருந்தாளி வந்தால் படுக்க இன்னொரு கட்டில். ஒரு நாளில் அரை மணித்தியாலம் பயன்படுகிற மேசைக்கு 24 மணித்தியாலமும் வாடகை கட்டுகிறோம்.

சரி, அலுமாரிக்கு வருவோம்.

4 அடி அகலம், 6 அடி உயரம், 21 அங்குல ஆழம் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள், நல்ல வேலை செய்தீர்கள். ஹோல் 16 அடிக்கு 10 அடி, வாசலால் நுழைந்தால் நேரே பல்கனி. நுழையும்போது வலது கைப் பக்கச் சுவரில், பல்கனிக் கதவுக்கு 5 அடி முன்னால், அலுமாரியின் பக்கவாட்டுப் பலகை சுவரில் முட்டுகிற மாதிரி குறுக்காக நிறுத்துங்கள். முகம் வாசலைப் பார்க்கட்டும். இப்போது அதன் முதுகுக்குப் பின்னால் 5 அடிக்கு 4 அடியில் ஒரு மூலை கிடைக்கும், அதுதான் மகளின் படிப்பறை. சுவரோடு மூன்றரை அடி நீளம், 20 அங்குல அகலத்தில் ஒரு மேசை போதும். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் பல்கனி வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும், வலது கையால் எழுதுகிறவருக்குக் கை நிழல் கொப்பியில் விழாது. (மகள் இடது கைக்காரியா என்று எழுதவில்லை. அப்படியானால் மேசையில் விளக்கை வலது பக்கம் வையுங்கள், அவ்வளவுதான்.) அலுமாரியின் முதுகில் மெல்லிய சோஃப்ட் போட் ஒன்று ஒட்டினால் நேரசூசி, சூத்திரம் எல்லாம் அதில் குத்திக்கொள்ளலாம். 21 அங்குலத் தடிப்பில் உடுப்பு நிறைந்த ஒரு மரச் சுவர் நடுவில் நின்றால் ரிவிச் சத்தமும் கொஞ்சம் அடங்கும். முழுக்க நிற்காது, மாமியின் நாடகத்துக்கு அந்த அளவு சக்தி உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் நிற்கிற எந்த அலுமாரியையும் சுவரோடு இரண்டு ‘எல்’ கிளிப்பால் பூட்ட வேண்டும். முதிரை பாரமான மரம், லேசில் சாயாது, ஆனால் 8 வயதுப் பையன் திறந்த கதவில் தொங்கிப் பார்ப்பான். இரண்டு துளைக்கு வீட்டுச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்பது, சுவர் முழுக்க ஆணி அடிக்கக் கேட்பதைவிட எவ்வளவோ லேசு.

அலுமாரி போட்ட பிறகும் மற்றப் பக்கம் 6 அடி வழி திறந்திருக்கும், வாசலில் நின்றால் பல்கனிக் கம்பி வரைக்கும் பார்வை போகும். அதை மட்டும் எதனாலும் மறிக்காதீர்கள். கொழும்பு 3 இல், பாகத்தலை வீதிப் பக்கம் 33 ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு இருக்கிறது, முன்கூட்டியே பதிந்தால் போய்ப் பார்க்கலாம். வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி அவர் ஒன்றாக்கியது. நீண்ட நடை ஒன்றின் கடைசியில் மேலேயிருந்து வெளிச்சம் விழுகிற ஒரு சின்ன முற்றம், அங்கேயிருந்து இன்னொன்று. கண் ஓடுவதற்குத் தூரம் இருந்தால் ஒடுங்கின இடமும் மூச்சு முட்டாது என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அங்கே நடந்துதான் விளங்கிக்கொண்டேன். நம்மிடம் நான்கு வீடு இல்லை, வாசலிலிருந்து பல்கனி வரை 16 அடி இருக்கிறது, அதையாவது காப்பாற்றுவோம்.

அடுத்தது மாடிக்கட்டில். உங்கள் கூரை 9 அடி. மேல் கட்டிலின் மெத்தை 5 அடியில் வரும், பிள்ளை எழும்பி உட்கார்ந்தால் தலை எட்டடிக்குக் கிட்டப் போகும். ஃபான் இறக்கை சுற்றுகிற உயரமும் அதுதான். கொழும்பில் ஃபான் இல்லாமல் படுக்க முடியாது, ஃபானுக்குக் கீழே மாடிக்கட்டில் போடவும் கூடாது. சுவர் ஃபான் போடலாம்தான், ஆனாலும் 9 அடிக்கு 8 அடி அறையில் 15 வயதுப் பெண் பிள்ளையையும் தம்பியையும் சேர்த்துவிட்டு, அப்பம்மாவை எல்லோரும் போய் வருகிற ஹோலில் படுக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமிக்கு இரவில் இரண்டு தரம் எழும்ப வேண்டியிருக்கும், குளியலறை அந்த அறைக்குப் பக்கத்தில். அவரும் பேத்தியும் அங்கேயே இருக்கட்டும். 6 அடிக்கு 3 அடிக் கட்டில் ஒன்று, அதற்குக் கீழே சில்லுப் பூட்டி இழுக்கிற தாழ்ந்த கட்டில் இன்னொன்று. இரவில் இழுத்தால் இரண்டு படுக்கை, பகலில் உள்ளே தள்ளினால் மாமி செபமாலையோ தேவாரமோ எதுவோ நடமாடிக்கொண்டே சொல்ல இடம்.

மகன் ஹோலில் படுப்பான், அவனுக்கு அது சந்தோஷமாகக்கூட இருக்கும். விருந்தாளிகளும் அங்கேதான். இதற்குத்தான் சோபாவுக்குப் பதிலாக நான் சொல்வது: இடது பக்கச் சுவரோடு 6 அடி நீளம், 2 அடி அகலம், 14 அங்குல உயரத்தில் ஒரு மர வாங்கு. மூடி திறக்கிற வாங்கு, உள்ளே பெட்ஷீட், தலகணி, பாய். அதற்கு மேலே மூன்றாக மடிகிற மெத்தை இரண்டு, மடித்து அடுக்கினால் பகலில் இருக்கையும் சாய்மானமும், விரித்தால் இரண்டு பேருக்குப் படுக்கை. நாலு பேர் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். சாப்பாட்டு மேசையும் நாலு காலோடு நிற்கத் தேவையில்லை, சுவரில் கீல் பூட்டி மடக்கிவிடுகிற 18 அங்குலப் பலகை மூன்று பேருக்குக் காணும். ஐந்து பேரும் தினமும் ஒன்றாக உட்கார்ந்தா சாப்பிடுகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

சாமான் செய்விப்பதைப் பற்றி எனக்கே ஒரு கதை உண்டு. தொழில் தொடங்கின புதிதில் என்னுடைய சொந்த வீட்டுக்கு மொறட்டுவைப் பக்கம் ஒரு பட்டறையில் ஏழேகால் அடி அலுமாரி செய்வித்தேன். அறையை அளந்தேன், கூரையை அளந்தேன், கதவைக்கூட அளந்தேன். லிஃப்ட்டை அளக்கவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், தச்சு பாஸ் வியர்த்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. கடைசியில் நடுவால் அறுத்து இரண்டாகக் கொண்டுபோனோம். நீங்கள் இருப்பதும் வாடகை வீடு, நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு மாறத்தான் போகிறீர்கள். எதைச் செய்வித்தாலும் லிஃப்ட் கதவு, லிஃப்ட்டின் மூலைக்கு மூலை, படிக்கட்டுத் திருப்பம் மூன்றையும் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள், கழற்றிப் பூட்டுகிற மாதிரிக் கேளுங்கள்.

சுவரோடு சுவர் அலுமாரியை வேண்டாம் என்றதற்கு வாடகை ஒரு காரணம்தான், பெரிய காரணம் ஈரம். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் மழைச் சாரல் அடிப்பது கடல் பக்கத்துச் சுவரில், அதாவது உங்கள் சுவரில். அதோடு ஒட்டி, மர நாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் அலுமாரி அடித்தால் பின்பக்கம் காற்றே போகாது, இரண்டாவது மழைக்குள் பலகை ஊதும், பட்டுச்சேலையில் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரோடு வைக்கிற எதற்கும் 2 அங்குல இடைவெளி, கீழே 4 அங்குலக் கால், கதவில் காற்றுத் துளை. கீல், ஸ்க்ரூ எல்லாம் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்குங்கள், உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு தாங்காது. பாஸ் “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்பார், அவர் வீடு கடலிலிருந்து தூரத்தில் இருக்கும். ஜன்னலை மறைத்தும் எதையும் வைக்காதீர்கள், பல்கனியால் வருகிற காற்று மறுபக்கத்தால் வெளியேற வழி இருந்தால்தான் உள்ளே வரும்.

இன்னொன்று, உடுப்புத் தொங்கவிடத்தான் 22 அங்குல ஆழம் வேண்டும். மடித்த உடுப்புக்கு 14 அங்குலம் தாராளம், புத்தகத்துக்கு 10, சாமிப்படத்துக்கு 10. எல்லாவற்றையும் 24 அங்குலத்தில் செய்வதால்தான் பின்வரிசையில் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போகிறது. உங்கள் அறையில் கதவுக்கு மேலே, ஏழடி உயரத்தில் சுற்றிவர ஒரு 12 அங்குலத் தட்டு போட்டால் (இதற்கும் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும்) வருடத்தில் இரண்டு தரம் எடுக்கிற சாமான் எல்லாம் அங்கே ஏறிவிடும். சாமித்தட்டில் விளக்கேற்றுகிறீர்களானால் சுடருக்கு மேலே வேறு தட்டு வரக்கூடாது.

குசினியைப் பற்றி இரண்டு விடயம். காஸ் சிலிண்டரை அழகுக்காக அலுமாரிக்குள் வைத்து மூடாதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழே தேங்கும், அதனால் கதவே இல்லாத தட்டு, அல்லது அடியில் பெரிய துளை. 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடித்த நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்புறம், இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, சுளகு, அரிதட்டு எல்லாம் தொங்கவிடப் பிறந்த சாமான்கள், அவற்றை லாச்சிக்குள் அடைக்காமல் சுவரில் ஒரு கம்பி போட்டுக் கொழுவுங்கள்.

சேமிப்புப் பற்றி மெதுவாகச் சொல்ல வேண்டும். 25 கிலோ அரிசி, 12 பால்மாப் பைக்கற், மெழுகுதிரி, இரண்டாவது சிலிண்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். காலி வீதியில் இறங்கினால் கடை, எதற்கு இவ்வளவு என்று என்னால் லேசாகக் கேட்க முடியும், ஆனால் 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றவர்களிடம் அப்படிக் கேட்கக்கூடாது. நானும் நின்றவன். அதனால் எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. மூடியுள்ள ஒரு பெரிய பெட்டியை அந்தப் பயத்துக்கென்று ஒதுக்குங்கள், நிரம்பினால் அதற்குமேல் வாங்காதீர்கள், மாதத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் பாவித்துப் புதியதை வையுங்கள். இரண்டாவது சிலிண்டர் வேண்டுமானால் 5 கிலோ சிலிண்டர் போதும்.

பல்கனியில் உடுப்புக் காயப்போடக் கூரையிலிருந்து கயிற்றால் இறக்கி ஏற்றுகிற சட்டம் ஒன்று வாங்குங்கள், தரை மிஞ்சும். பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும். பல்கனியைக் கண்ணாடி போட்டு அறையாக்குவோம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். கட்டடத்தின் வெளிப்பக்கம் எல்லோருக்கும் பொது, தொடர்மாடியை நிர்வகிக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தோடு பிரச்சினை வரும், உங்களுக்குக் காற்றும் போய்விடும்.

இனி சூட்கேஸ். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் “கட்டிலுக்குக் கீழே ஒன்பது சூட்கேஸ்” என்று எழுதியிருந்தீர்கள், நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நான் போகிற எல்லா வீட்டிலும் இது இருக்கிறது. கனடாவிலிருந்து வந்தவர்கள் சாமானை இறக்கிவிட்டு விட்டுப்போனது சில, அதை விடுங்கள். மற்றவை பூட்டியே இருக்கும். திறந்தால் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய படங்கள், ஒரு தரமும் உடுத்தாத சேலை. எங்கள் வீட்டிலும் அம்மா கடைசி வரைக்கும் ஒரு பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார், இரவோடிரவாக எழும்பிப் போக வேண்டி வந்தால் கையில் எடுக்க. அதைப் பிரிக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆவணங்களை தண்ணீர் புகாத உறைக்குள் போட்டு அதற்குள், வாசலுக்குக் கிட்ட. மற்ற எட்டையும் மாமி பக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொன்றாகத் திறவுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. வெறும் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டால் மூன்றாகிவிடும். எனக்குத் தெரிந்த கணக்கில் ஒரு இரட்டைக் கட்டிலின் அடி முழுக்கக் காலியாகும், அங்கே சில்லுப் பூட்டிய இரண்டு தாழ்ந்த பெட்டி வைத்தால் நீங்கள் கேட்ட ‘சாமான் வைக்க இடம்’ அதுதான்.

தொடங்குவது எதிலிருந்து என்று கேட்டீர்கள். அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். பழைய பத்திரிகைத் தாளை வெட்டி அந்த எல் சோபாவின் அளவில் ஹோல் தரையில் ஒட்டுங்கள், அன்று முழுக்க ஒருவரும் அந்தத் தாளை மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். கணவரிடம் நீங்கள் வேறு ஒன்றும் கதைக்கத் தேவையில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரே தாளைக் கிழித்துவிடுவார். பின்னேரம் நாலு பேரும் சேர்ந்து அலுமாரியை நகர்த்துங்கள். முதலில் உடுப்பை வெளியே எடுங்கள், அடியில் பழைய துவாயை மடித்து வைத்து இழுத்தால் தரை கீறாது. திறப்பு மாமியிடம்தான் இருக்கும், காலையிலேயே கேட்டு வையுங்கள்.